பி 112 என்றால் எதற்கு 112?

நெல் வந்து குவியும் மார்கழி, தை மாதங்களில்தான் ஆலையில் பெல்ட் அறும். ராசி ஒன்றும் இல்லை, மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த இயந்திரம் அப்போதுதான் இரவு பகலாக ஓடுகிறது. பர்மாவின் ஐராவதி டெல்டாவில் சிற்றூர் ஒன்றில் ஹல்லர் (நெல்லை உரிக்கும் இயந்திரம்) நின்றுவிட்டால், பிய்ந்த பெல்ட்டைச் சுருட்டி ஒரு பையனிடம் கொடுத்து ரங்கூனுக்கு அனுப்புவார்கள். பெல்ட்டின் முதுகில் இருந்த நம்பர் உமித்தூசியில் தேய்ந்து எப்போதோ போயிருக்கும். கடைக்காரர் கேட்பாரே என்று யாராவது டேப் வைத்து வெளிச்சுற்றை அளந்து, '115 இஞ்ச்' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பையனும் பி 115 வாங்கி வருவான். மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கும்.

அளந்தவர் சரியாகத்தான் அளந்தார். கடைக்காரரும் கேட்டதைத்தான் கொடுத்தார். ஆனால் இருவரும் சொன்ன 115 வேறு வேறு. பெல்ட்டில் நீளம் என்று ஒன்று கிடையாது, மூன்று இருக்கின்றன. எந்த ரகத்துக்கு எந்த நீளத்தைச் சொல்வது என்பது ரகத்துக்கு ரகம் மாறுகிறது. அதனால் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தைப் படிக்காமல் எண்ணைப் படித்துப் பயனில்லை.

இந்தக் குழப்பம் பர்மாவில் கொஞ்சம் கூடுதல். மெட்ரிக் முறைக்கு முழுதாக மாறாத நாடுகள் என்று அமெரிக்கா, லைபீரியாவோடு பர்மாவையும் சேர்த்துத்தான் சொல்வது வழக்கம். மாறப்போகிறோம் என்று அரசு 2013-இல் அறிவித்தது. சந்தையில் இன்னும் நெல்லுக்குக் கூடை, வெங்காயத்துக்கு வீசை, துணிக்கு கெஜம். இயந்திரங்களோ சீனா, ஜப்பான், தாய்லாந்து, இந்தியா என்று நாலா பக்கமிருந்தும் வருகின்றன. ஒரே ஆலைக்குள் ஒரு புல்லி (பெல்ட் மாட்டும் சக்கரம்) இஞ்ச் கணக்கில் கடைந்தது, பக்கத்துப் புல்லி மில்லிமீட்டரில் கடைந்தது. பெல்ட் நம்பர்களும் அப்படியே கலந்து கிடக்கின்றன.

முதலில் பட்டை பெல்ட்டைச் சொல்லிவிடுவோம். ரங்கூன், பசீன், அக்யாப், மோல்மீன் துறைமுகங்களில் வெள்ளைக்காரர் காலத்து அரிசி ஆலைகள் உமியை எரித்து நீராவியில் ஓடியவை. ஒரே பெரிய எஞ்சின், கூரையடியில் நீளமாக ஓடும் ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கிவரும் தோல் அல்லது கித்தான் பட்டை. தெலுங்கர்களும் தமிழர்களும் மூட்டை சுமந்த ஆலைகள் அவை. பட்டை பெல்ட் எவ்வளவு நீளமும் போகும். எட்டு போலக் குறுக்கே மாட்டினால் திசையே மாறும். அறுந்தால் தைத்துக்கொள்ளலாம். புல்லியின் நடுவைச் சற்று மேடாகக் கடைந்தால் பெல்ட் நழுவாமல் தானே நடுவுக்கு வந்து நிற்கும். குறை ஒன்றுதான், பிடிப்பு போதாது. போதுமான பிடிப்பு வேண்டுமானால் கடுமையாக இறுக்க வேண்டும், அந்த இழுவை முழுவதும் பேரிங் தலையில் விழும். இன்றும் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டருக்குப் பட்டைதான், ஏனென்றால் அங்கே அது வாளிகளைச் சுமக்கிறது. விசை கடத்தும் வேலை பெரும்பாலும், அடி குறுகி ஆங்கில வி எழுத்துபோல இருக்கும் வி-பெல்ட்டிடம் போய்விட்டது.

வி-பெல்ட்டைக் கார்களுக்காக 1917-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ். பல காடிகள் (பெல்ட் உட்காரும் பள்ளங்கள்) வெட்டிய ஒரே புல்லியில் பல வி-பெல்ட்டுகளைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, ஆலைகளுக்கும் அதைக் கொண்டு வந்தவர் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் வால்டர் கெய்ஸ்ட், 1920-களில்.

இதன் சூட்சுமம் பக்கச்சுவரில் இருக்கிறது. பெல்ட்டின் இரு பக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 40 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும். இழுக்க இழுக்க அது காடிக்குள் ஆப்புபோல இறங்கிச் சுவர்களை நெருக்கும். அதே ரப்பர், அதே இரும்பு, ஆனால் உராய்வு கிட்டத்தட்ட 3 மடங்கு வேலை செய்யும். கணக்குப் போட்டே பார்க்கலாம். டெல்டாவில் எங்கும் காணக்கூடிய சீன ஒற்றை சிலிண்டர் எஞ்சின் எஸ் 195. 12 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2000 சுற்று. அதில் 6 இஞ்ச் புல்லி, ஹல்லரில் 15 இஞ்ச் புல்லி. ஹல்லர் 800 சுற்றில் ஓடும். பெல்ட்டின் வேகம் நொடிக்குச் சுமார் 16 மீட்டர். அந்த வேகத்தில் 12 குதிரைத்திறனைக் கடத்த, இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் 56 கிலோ அளவுக்கு இழுவை வித்தியாசம் வேண்டும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், பட்டை பெல்ட் வழுக்காமல் நிற்க ஒரு பக்கம் 96 கிலோ, மறுபக்கம் 40 கிலோ. மொத்தம் 136 கிலோ ஷாஃப்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வி-பெல்ட்டுக்கு இரு பக்க இழுவை விகிதம் 13 வரை தாங்கும். அவ்வளவு தூரம் போகாமல், பத்திரமாக 5 என்று வைத்தாலும் 70-உம் 14-உம், மொத்தம் 84 கிலோதான். பேரிங் பிழைப்பது இந்த வித்தியாசத்தில்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். வி-பெல்ட்டின் அடிப்பக்கம் காடியின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு போய்விட்டது, வெறும் பட்டை பெல்ட்டாகிவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, காடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல புல்லியில் சுவர்கள் பளபளக்கும், தரை மங்கலாகத் தூசி படிந்திருக்கும். தரை பளபளத்தால் பெல்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது சுவர் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் தவறான பெல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். நேராக இருக்க வேண்டிய சுவர் நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருந்தால் புல்லியையே மாற்றியாக வேண்டும். உமியில் மணல்போல சிலிக்கா இருக்கிறது. அரிசி ஆலைப் புல்லிகள் சீக்கிரம் குழிவது அதனால்தான். குழிந்த புல்லியில் புது பெல்ட்டை மாட்டி, 'இப்போதெல்லாம் பெல்ட் தரமே இல்லை' என்று திட்டுகிறவர்கள் எங்கும் உண்டு.

காடியின் கோணத்திலும் ஒரு நுணுக்கம். பெல்ட் 40 பாகை என்றாலும் புல்லியை 40-இல் கடைவதில்லை. சிறிய புல்லிக்கு 34, பெரியதற்கு 38. பெல்ட் வளையும்போது முதுகு நீண்டு ஒல்லியாகும், அடிப்பக்கம் நசுங்கிப் பிதுங்கும், அதனால் பெல்ட்டின் கோணமே சுருங்கும். புல்லி எவ்வளவு சிறியதோ அவ்வளவு சுருக்கம். உள்ளூர் லேத்தில் புல்லி கடையக் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது. எல்லா விட்டத்துக்கும் ஒரே டூலை வைத்துக் கடைந்த புல்லியில் பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேயும்.

சரி, எழுத்துக்கு வருவோம். பழைய, எங்கும் கிடைக்கிற வரிசை இசட், ஏ, பி, சி, டி, இ. மேல் அகலமும் தடிமனும் மில்லிமீட்டரில்: இசட் 10க்கு 6, ஏ 13க்கு 8, பி 17க்கு 11, சி 22க்கு 14, டி 32க்கு 19. இ இன்னும் பெரியது, பெரிய ஆலைகளுக்கு வெளியே பார்க்க முடியாது. ஜப்பான் பட்டியலில் இசட் இடத்தில் எம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இதைவிடச் சிறிய புல்லி கூடாது என்று ஓர் எல்லை உண்டு. ஏ ரகத்துக்கு ஏறத்தாழ 3 இஞ்ச், பி ரகத்துக்கு 5, சி ரகத்துக்கு 8. இதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் நூல் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிப்பு வரும். இடம் இல்லை என்று சிறிய புல்லி போடுபவர்கள் மிச்சம் பிடிப்பதை பெல்ட் வாங்கியே செலவழிப்பார்கள்.

இந்தப் பழைய வரிசையில் எண் என்பது உள்சுற்று, இஞ்சில். பி 112 என்றால் பெல்ட்டின் அடிப்பக்கத்தை ஒட்டி அளந்தால் 112 இஞ்ச். வெளியே முதுகில் டேப் வைத்தால் ஏ ரகத்தில் சுமார் 2 இஞ்ச், பி ரகத்தில் 3, சி ரகத்தில் 4 கூடுதலாக வரும். டெல்டா பையனின் 115 இஞ்ச் பெல்ட் உண்மையில் பி 112.

உள்ளும் வெளியும் போக மூன்றாவது நீளம் நடுவில், நூல் ஓடும் கோட்டில் இருக்கிறது. பெல்ட் வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருப்பது அந்தக் கோடு மட்டும்தான். புல்லி விட்டம், வேகம், பெல்ட் நீளம் என்று எந்தக் கணக்கைப் போட்டாலும் விடை இந்தக் கோட்டுக்குத்தான் வரும். ஏ ரகத்தில் உள்சுற்றோடு 1.3 இஞ்ச் கூட்டினால் இது கிடைக்கும், பி ரகத்தில் 1.8, சி ரகத்தில் 2.9.

நம் ஹல்லருக்கே போட்டுப் பார்ப்போம். இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே 40 இஞ்ச். அதை இரட்டித்தால் 80. இரண்டு விட்டங்களையும் கூட்டி (21) 1.57-ஆல் பெருக்கினால் 33. விட்டங்களின் வித்தியாசமான 9-ஐ அதனாலேயே பெருக்கி (81), இடைத்தூரத்தைப்போல் 4 மடங்கான 160-ஆல் வகுத்தால் அரை. மொத்தம் 113.5 இஞ்ச். இது நடுக்கோட்டு நீளம். இதில் 1.8 கழித்தால் 111.7. ஆக பி 112. கழிக்காமல் நேரே பி 113 அல்லது 114 கேட்டால் எஞ்சினை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். தள்ள இடம் இருந்தால் பிழைத்தீர்கள். நீளத்தில் வரும் பிழையில் பாதிதான் இடைத்தூரத்தில் தெரியும் என்பது ஓர் ஆறுதல். பி 115 வாங்கி வந்த பையனின் ஆலையில் எஞ்சினை ஒன்றரை இஞ்ச் நகர்த்த முடிந்தால் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒல்லி வகை வி-பெல்ட் வந்ததும் கணக்கே மாறியது. எஸ்பிஇசட், எஸ்பிஏ, எஸ்பிபி, எஸ்பிசி என்பது அதன் வரிசை. எஸ்பிஏ-வின் அகலம் 13, ஏ-யும் 13. ஆனால் தடிமன் எட்டுக்குப் பதில் 10. எஸ்பிபி-க்கும் பி-க்கும் இதே உறவு, 11-க்குப் பதில் 13 அல்லது 14. ஆழம் கூடியதால் பக்கச்சுவர் கூடியது, அதே அகலத்தில் அதிக விசை கடத்துகிறது. இந்த வரிசையில் எண் மில்லிமீட்டர், அதுவும் நடுக்கோட்டு நீளம். எஸ்பிபி 2000 என்றால் நூலோடும் கோட்டில் 2000 மில்லிமீட்டர். உள்சுற்றும் இல்லை, வெளிச்சுற்றும் இல்லை.

இரண்டையும் மாற்றிப் போடலாமா என்று கேட்பார்கள். ஒரு திசையில் போடலாம். எஸ்பிபி-க்குக் கடைந்த ஆழமான காடியில் பி பெல்ட் நன்றாகவே ஓடும். பழைய பி புல்லியில் எஸ்பிபி போட்டால் அடி தரையைத் தட்டும். பி காடியின் ஆழம் நடுக்கோட்டிலிருந்து 11 மில்லிமீட்டர் போல இருக்க, எஸ்பிபி 14 கேட்கும். 'அகலம் ஒன்றுதானே, நல்லதாகப் பார்த்து வாங்கினேன்' என்று விலை கூடிய பெல்ட்டைப் பழைய புல்லியில் மாட்டி ஒரு சீசனுக்குள் கருக்குவது இப்படித்தான்.

அமெரிக்க வழியில் இதே ஒல்லி வகைக்கு 3வி, 5வி, 8வி என்று பெயர். முன்னால் உள்ள எண் மேல் அகலம், இஞ்சில் எட்டில் எத்தனை பங்கு என்று: 3வி என்றால் 3/8 இஞ்ச், 8வி என்றால் ஓர் இஞ்ச். பின்னால் வரும் எண்ணைப் பத்தால் வகுத்தால் வெளிச்சுற்று. 5வி 800 என்றால் வெளியே 80 இஞ்ச். 5வி-யும் எஸ்பிபி-யும் கையில் பிடித்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நம்பரில் துளியும் ஒட்டாது.

குழப்பத்தில் முதலிடம் இந்தத் தொழில் வகைகளுக்கு இல்லை. அது வீட்டு மோட்டார்களின் இலகு வகைக்குத்தான்: 3எல், 4எல், 5எல். 4எல் பார்வைக்கு ஏ, 5எல் பார்வைக்கு பி. ஆனால் 4எல் 430 என்றால் வெளிச்சுற்று 43.0 இஞ்ச். அதே நீளத்தில் ஏ வேண்டுமென்றால் ஏ 41 என்று கேட்க வேண்டும். இட்லி மாவு அரைக்கும் கிரைண்டருக்கு 4எல் பெல்ட் வாங்கி ஹல்லர் பக்கம் ஓடும் சின்ன ஊதுவிசிறியில் மாட்டிப் பார்ப்பது உண்டு. பொருந்தும், ஓடும், இரண்டு வாரத்தில் முடி முடியாகப் பிரியும். அரை மணி நேரம் ஓடி அணைகிற மோட்டாருக்கான நூல்தான் அதில் இருக்கிறது.

எழுத்தோடு எக்ஸ் சேர்ந்தால் (ஏஎக்ஸ், பிஎக்ஸ், எக்ஸ்பிஏ) அடியில் பல் பல்லாக வெட்டிய பெல்ட். அந்தப் பல் எதையும் பிடிப்பதற்கு இல்லை, வளைவதற்கும் காற்று போய் ஆறுவதற்கும். சிறிய புல்லிக்கு இது நல்லது, மின்சாரமும் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சம். அறுவடை இயந்திரத்தில் முதுகும் அடியும் இரண்டு பக்கமும் வி வடிவில் அறுகோணமாக ஒரு பெல்ட் இருக்கும். ஒரே பெல்ட்டால் சில புல்லிகளை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் சுற்ற அது வேண்டும். அதற்கு ஏஏ, பிபி, சிசி என்று இரட்டை எழுத்து.

கார்களுக்கு வேறு உலகம். இறக்குமதி தளர்ந்தபின் 2012 வாக்கில் ரங்கூன் தெருக்களை நிறைத்த பழைய ஜப்பான் கார்களில் டைனமோ, ஏசி, தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் சுற்றுவது நெடுக்கே வரிகள் ஓடும் தட்டையான பெல்ட். அதில் 6 பிகே 1200 என்று இருந்தால் ஆறு வரி, பிகே ரகம், 1200 மில்லிமீட்டர். பிகே என்றால் வரிக்கு வரி 3.56 மில்லிமீட்டர். துணி துவைக்கும் இயந்திரத்தில் இருக்கும் பிஜே-யில் அது 2.34. பழைய கார்களின் ஒற்றை ஃபேன் பெல்ட்டில் ஏவி 10, ஏவி 13 என்று வரும், அங்கே நீளம் வெளிச்சுற்று.

புல்லியின் பல்லோடு கோத்துக்கொண்டு ஓடும் பல் பெல்ட்டை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அது உராய்வை நம்புவதே இல்லை. இங்கே முக்கியம் பல்லுக்குப் பல் உள்ள தூரம். எக்ஸ்எல் 5.08 மில்லிமீட்டர், எல் 9.525, எச் 12.7. மெட்ரிக்கில் டி5, டி10. வட்டப் பல் வகையில் 5எம், 8எம், 14எம். 800-8எம்-30 என்றால் நீளம் 800, பல் தூரம் 8, அகலம் 30. 100 பல் இருக்க வேண்டும், எண்ணிப் பார்க்கலாம். இஞ்ச் வகையில் 210 எல் 050 என்றால் 21.0 இஞ்ச் நீளம், அரை இஞ்ச் அகலம். எல்லாவற்றிலும் நடுக்கோட்டு நீளம் என்பதால் டேப் உதவாது, பல்லை எண்ணுவதுதான் வழி. டி5-ஐயும் எக்ஸ்எல்-லையும் கண்ணால் பிரிக்க முடியாது: வித்தியாசம் பல்லுக்கு 0.08 மில்லிமீட்டர்தான். 50 பல்லில் அது 4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழுப் பல். மாற்றிப் போட்டால் பல் ஏறி ஏறித் தாவும்.

இதற்கெல்லாம் உலகத் தரம் இருக்கிறது. வி-பெல்ட் நீளத்துக்கு ஐஎஸ்ஓ 4184, புல்லிக் காடிக்கு ஐஎஸ்ஓ 4183, பல் பெல்ட்டுக்கு ஐஎஸ்ஓ 5296. ஜெர்மனியில் பழைய வகைக்கு டின் 2215, ஒல்லி வகைக்கு டின் 7753. இந்தியாவில் ஐஎஸ் 2494. தரம் இருப்பதால் குழப்பம் தீரவில்லை, ஒவ்வொரு தரமும் தான் பிறந்த ஊரின் அளவுகோலைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது. ஓர் உதவி மட்டும் உண்டு. நல்ல பெல்ட்டில் மில்லிமீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்துகள் இருக்கும். எல்ஐ என்றால் உள்சுற்று. எல்டி, எல்பி, எல்டபிள்யூ மூன்றும் நடுக்கோடு. எல்ஏ வெளிச்சுற்று. பி ரகத்தில் 2845 எல்ஐ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். 25.4-ஆல் வகுத்தால் 112. நம்ம பழைய பி 112-தான்.

நம்பர் அழிந்த பெல்ட்டோடு கடைக்குப் போகிறவர் மூன்று விஷயம் கொண்டுபோனால் போதும்: பெல்ட்டின் துண்டு, வெளிச்சுற்று நீளம் ('வெளிச்சுற்று' என்று எழுதியே), புல்லியின் காடியில் மேல் அகலமும் ஆழமும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் ஏமாற்றும். தேய்ந்த பெல்ட் ஒரு மில்லிமீட்டர் ஒல்லியாகியிருக்கும், ஓடி ஓடி நீண்டும் இருக்கும்.

ஒரே புல்லியில் மூன்று பெல்ட் ஓடி ஒன்று அறுந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும். புதியது குட்டை, பழையவை நீண்டவை. சுமை முழுவதும் புதியதன் தலையில் விழுந்து அதுதான் முதலில் போகும். பழைய இரண்டையும் எறிய மனம் வராதவர்கள் வீட்டில் தொங்கவிட்டு, இரண்டு பெல்ட் ஓடும் வேறொரு புல்லியில் ஒன்று அறும்போது அவற்றையே ஜோடியாகப் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. பெல்ட்டைக் கம்பி கொடுத்து நெம்பி ஏற்றக் கூடாது, உள்ளே நூல் அறும், வெளியே தெரியாது. எஞ்சினைத் தளர்த்தி, கையால் மாட்டி, பிறகு பின்னால் இழுக்க வேண்டும். இறுக்கத்துக்குப் பழைய அளவே போதும்: புல்லிக்குப் புல்லி இடைவெளியில் இஞ்சுக்கு அறுபத்து நாலில் ஒரு பங்கு. 40 இஞ்ச் இடைவெளியில் நடுவில் அழுத்தினால் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக, 5/8 இஞ்ச் இறங்க வேண்டும். எவ்வளவு பலமாக அழுத்துவது என்பது ரகத்தையும் புல்லியையும் பொறுத்தது, நல்ல கம்பெனிகளின் பட்டியலில் அது இருக்கும். வழுக்குகிறது என்று மெழுகும் குங்கிலியமும் பூசுவது அன்றைக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தும், தூசியை இழுத்துப் பிடித்து மறுநாள் சுவரை அறுக்கும். புது பெல்ட் முதல் நாளே காடியில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். அதனால் மாட்டிய அன்று சாயங்காலம் எஞ்சினை அணைத்ததும் ஒருமுறை அழுத்திப் பார்த்து, போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும்.